தலைகளை எண்ணுகிறார்கள், தமிழை எண்ணுவாரில்லை!

ஒவ்வோராண்டும் சூன் திங்கள் பிறந்துவிட்டால் தமிழகத்தின் அரசுப் பள்ளிகளிலெல்லாம் ஒரே வினாத்தான் ஒலிக்கிறது: "இவ்வாண்டு எத்தனைபேர் சேர்ந்தனர்?" தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டி எண்ணிச் சொல்கிறார். வட்டாரக் கல்வி அலுவலர் அதைக் கூட்டி மாவட்டத்துக்கு அனுப்புகிறார். மாவட்டம் கூட்டிச் சென்னைக்கு அனுப்புகிறது. எண் கூடியிருந்தால் பாராட்டு. குறைந்திருந்தால் விளக்கம் கேட்டு ஓலை!

அப்பதிவேட்டில் தமிழ்வழிக்கு ஒரு கட்டமும் ஆங்கிலவழிக்கு ஒரு கட்டமும் தனித்தனியே இருக்கின்றன. மொத்த எண் குறைந்தால் துடித்தெழுகின்ற கல்வித்துறை, தமிழ்வழிக் கட்டம் குறைந்தால் "ஏன்?" என்று ஒரு சொல் கேட்டதுண்டா? தமிழ்வழியில் பத்துப்பேர் குறைந்து ஆங்கிலவழியில் பதினொருவர் கூடினால், அதை 'வளர்ச்சி' என்றல்லவா எழுதிக்கொள்கிறார்கள்! தலைகளை எண்ணுகிறார்கள், அத்தலைகளுக்குள் எந்த மொழி குடியேறுகிறது என்பதை எண்ணுவாரில்லை. அதை எண்ணிப் பார்ப்பதற்கே இக்கட்டுரை.

அன்பர்களே! இவ்வினாவை அன்னவாசலில் நின்று கேட்போம். புதுக்கோட்டை மாவட்டம், இலுப்பூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி அது. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. மாநகரென்று நெஞ்சு நிமிர்த்தும் அளவுக்குப் பெரியதன்று. சிற்றூரென்று தள்ளிவிடும் அளவுக்குச் சிறியதுமன்று. சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலும் வந்து படித்துச் செல்லும் ஊர். தமிழ்மொழியின் நாளைய வாழ்வு சென்னையில் முடிவாவதன்று. சென்னை பெரிதும் முன்பே விலைபோய்விட்டது. அது முடிவாகப் போவது அன்னவாசல் போன்ற இத்தகைய சிறு நகரங்களின் பள்ளிகளில்தான். இங்கே தமிழ்வழி வகுப்பு நின்றால் தமிழ் நிற்கும். இங்கே அது சாய்ந்தால் பிறகு தாங்கிப் பிடிக்க இடமில்லை.

இவ்வூருக்கு அண்மையில்தான் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்குள்ள அறிவர் கோயிலின் கல்வெட்டு இவ்விடத்தை 'அண்ணல்வாயில்' என்று குறிக்கிறது. 'அண்ணல்வாயில்' என்னும் அழகிய தூய தமிழ்ப் பெயரே மக்கள் நாவில் உருண்டு 'அன்னவாசல்' ஆயிற்று. அம்மலையின் ஏழடிப்பட்டத்துக் குகையில், சமணத் துறவியர் படுத்துத் தவமிருந்த கற்படுக்கையில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வெட்டிய தமிழி எழுத்துகள் இன்றும் கிடக்கின்றன. துறவியர் உறைந்த இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். அவர்கள் கல்வி புகட்டிய கரணியத்தால் அச்சொல்லே கற்குமிடத்துக்கும் பெயராயிற்று என்பர். எண்ணிப் பாருங்கள்! பாறையில் தமிழை வெட்டி வைத்த மண்ணில், 'பள்ளி' என்ற சொல்லுக்குப் பொருள் தந்த மலையின் நிழலில், ஒரு தமிழ்த்தாய் தன் பிள்ளையைத் 'தமிழில் படிக்க வைக்காதீர்கள்' என்று கேட்டு வரிசையில் நிற்கும் நிலை வந்துவிட்டதே! இது அவள் குற்றமா? யார் குற்றம் என்பதைத்தான் ஆராயப் போகிறோம்.

முதலில் எண்களை எடுத்துக்கொள்வோம். 2025-26ஆம் கல்வியாண்டில் தமிழகத்தில் ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் 1,204 என்று கல்வித்துறையே அறிவித்தது. அவற்றுள் 208 அரசுப் பள்ளிகள். 114 அரசு உதவிபெறும் பள்ளிகள். எஞ்சியவற்றுள் 869 தனியார் பள்ளிகள். பிறப்பு வீதம் குறைந்ததே இதற்குக் கரணியம் என்று அரசு சொன்னது. அதில் உண்மையில்லாமல் இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் நாட்டு நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் அளவு 1.8தான். பிள்ளைகளே குறைந்தால் பள்ளிகள் வெறிச்சோடத்தான் செய்யும். தனியார் பள்ளிகளும் இதற்குத் தப்பவில்லை என்பதை மேற்சொன்ன எண்ணே காட்டுகிறது. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று.

ஆனால் பிறப்பு வீதம் பிறக்காத பிள்ளைகளுக்குத்தான் விடை சொல்லும். பிறந்த பிள்ளைகளுக்கு அது விடை சொல்லாது. பிறந்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? தமிழகத்தின் பள்ளிப் பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆங்கிலவழியிற் படிக்கிறார்கள் என்பதே நடுவணரசின் பள்ளிக் கணக்கெடுப்புகள் காட்டும் செய்தி. தமிழ்நாட்டில், தமிழர் ஆட்சியில், தமிழ்வழியிற் படிப்போர் சிறுபான்மையர் ஆகிவிட்டனர்! எந்தப் படையெடுப்பும் இல்லாமல், எந்தப் போரும் இல்லாமல், ஒரு மொழி தன் சொந்த மண்ணின் வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டு வருகிறது. அதற்காக ஒரு நாள் கதவடைப்புக்கூட நடக்கவில்லை.

எஞ்சியிருக்கும் தமிழ்வழி வகுப்பறைக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே யார் அமர்ந்திருக்கிறார்கள்? கூலியுழவரின் பிள்ளைகள், கல்லுடைப்போரின் பிள்ளைகள், நூறுநாள் வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளைகள், ஒடுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகள். கட்டணம் கட்ட முடிந்தவர் பிள்ளைகள் காலையில் மஞ்சள் ஊர்தியில் ஏறிப் போய்விட்டனர். கடைக்காரர், அரசு அலுவலர், ஆசிரியர், வெளிநாட்டுக்குப் போய்ப் பணம் அனுப்புபவர் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் அங்கே காண முடியாது.

இன்னும் ஒன்று. ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கும் தங்கை அரசுப் பள்ளிக்கும் செல்வதைப் பார்த்ததில்லையா? நாடு முழுவதும் ஊர்ப்புறப் பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்து வெளிவரும் 'ஏசர்' அறிக்கைகள், தனியார் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளின் பங்கே மிகுதி என்பதைத் தொடர்ந்து காட்டி வருகின்றன. மகனுக்குச் செலவிடும் பணம் முதலீடு. மகளுக்குச் செலவிடும் பணம் இழப்பு என்னும் பழைய கயமை, இப்போது பயிற்றுமொழியின் உடையை அணிந்துகொண்டு வந்திருக்கிறது. ஆங்கிலம் மகனுக்கு, தமிழ் மகளுக்கு! தமிழைத் தாய் என்கிறோமே, அத்தாய்க்கு இவர்கள் தந்திருக்கும் இடம் இதுதான்.

புதுக்கோட்டை மண்ணுக்கு இது புதிய கதையன்று. 1886இல் இம்மண்ணிற் பிறந்த முத்துலெட்சுமி, மன்னர் கல்லூரியிற் சேர முயன்றபோது, ஆண்பிள்ளைகள் நடுவே ஒரு பெண்ணா என்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர். மன்னர் அவ்வெதிர்ப்பைத் தள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டார். அப்பெண்தான் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின்னாளில் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து தேவதாசிக் கொடுமையை எதிர்த்துப் போராடினார். சேர்க்கைப் பதிவேடு என்பது வெறும் பெயர்ப்பட்டியலன்று. யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று சொல்லும் குமுகாய வரலாறு அது. அன்று பெண்ணை வெளியே நிறுத்தினார்கள். இன்று ஏழையைத் தனியே நிறுத்துகிறார்கள்.

தனியே நிறுத்துவது எத்துணைக் கொடிது என்பதை இவ்வட்டாரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு திசம்பரில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மாந்தக் கழிவு கலந்திருந்த கொடுமை வெளிப்பட்ட வேங்கைவயல், இதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. குடிநீரையும் விட்டுவைக்காத பிரிவினை நிலவும் நாட்டில், எல்லாக் குடிப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே குழாயில் நீர் குடித்து, ஒரே பந்தியில் உண்ணக்கூடிய ஓரிடம் இருந்தது. அது ஊர்ப் பொதுப்பள்ளி. காமராசர் 1956இல் தொடங்கிய நண்பகல் உணவும், 1982இல் அது சத்துணவாக விரிந்ததும், 2022இல் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய காலையுணவும் வயிற்றை நிரப்பியதோடு அப்பந்தியையும் காத்தன. இன்று கட்டணம் கட்ட முடிந்தவர் அப்பந்தியை விட்டு எழுந்து போய்விட்டால், அங்கே எஞ்சுவது பொதுப்பள்ளியா, புதுச்சேரியா? ஊருக்கு வெளியே சேரியை வைத்த பழைய மூளைதான், பள்ளிக்குள்ளே தமிழ்வழி வகுப்பைச் சேரியாக்குகிறது. ஆகவே பயிற்றுமொழிச் சிக்கல் மொழிப்பற்றாளர் சிலரின் தனிக்கவலையன்று, அது சாதியொழிப்பின் சிக்கல், பெண்விடுதலையின் சிக்கல், ஏழையின் சோற்றுச் சிக்கல்!

இந்நிலை தானாக வந்ததா? இல்லை. ஆண்டு ஆண்டாக, ஆணை ஆணையாக, தீர்ப்புத் தீர்ப்பாகக் கொண்டுவரப்பட்டது. எண்ணிக்கொள்ளுங்கள்.

1970களின் இறுதியில் மெட்ரிக் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் கையிலிருந்து தமிழக அரசின் கல்வித்துறைக்குக் கைமாறியபோது அவை மிகச் சிலவே. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்கிற் பெருகின. இசைவு தந்தது வெள்ளைக்காரன் அல்லன், தமிழரசு!

1999இல் தமிழறிஞர்கள் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தனர். அவ்வாண்டே, ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று அரசாணை பிறந்தது. 2000இல் சென்னை உயர்நயன்மன்றம் அதை வெட்டி வீழ்த்தியது. அதன்பின் வந்த எந்த ஆட்சியும் அதற்கொரு முழுமையான சட்டம் செய்ய முன்வரவில்லை.

2006இல் தமிழைப் பத்தாம் வகுப்புவரை ஒரு பாடமாகவேனும் படித்தாக வேண்டும் என்ற சட்டம் வந்தது. வரவேற்றோம். ஆனால் பயிற்றுமொழியாக இருக்க வேண்டிய தமிழ், ஒரு பாடமாகச் சுருங்குவதற்கு ஒப்புதலும் அதிலேயே அடங்கியிருந்தது.

2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகத்தில் உச்ச நயன்மன்றத் தீர்ப்பால் நிலைபெற்றது. பாடம் ஒன்றாயிற்று, மொழி இரண்டாகவே நின்றது. ஒரே பாடத்தை ஏழை தமிழிலும் செல்வர் ஆங்கிலத்திலும் படிப்பதற்குச் 'சமம்' என்று பெயர்!

2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் புகுத்தப்பட்டன. தனியார் பள்ளிக்கு ஓடும் பிள்ளையைத் தடுக்கவாம்! நோய்க்கு மருந்து கேட்டால் நோயையே வீட்டுக்குள் அழைத்து வந்தார்கள்.

2013-14இலிருந்து கல்வியுரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை இடங்களில் 25 விழுக்காட்டை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்களின் கட்டணத்தை அரசே கட்டும் முறை தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. இதன் பொருள் என்ன? ஊர்ப் பொதுப்பள்ளியில் சேர வேண்டிய பிள்ளையை, ஊர்ப்பணத்தைக் கொடுத்து, ஆங்கிலவழிப் பள்ளிக்கு வழியனுப்புவது! அதே கல்வியுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவோ, இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. 12ஆம் பிரிவுக்குப் பணம் ஒதுக்கியவர்கள் 29ஆம் பிரிவுக்கு ஒரு காசேனும் ஒதுக்கினார்களா?

2014 மே திங்களில் கருநாடக வழக்கொன்றில் உச்ச நயன்மன்றத்தின் அரசியலமைப்பு ஆயம், தொடக்கக் கல்வியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக வலியுறுத்தும் உரிமை அரசுக்கு இல்லை. அது பெற்றோர் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. பசித்தவன் முன்னே இரண்டு தட்டை வைத்து, ஒன்றில் மட்டும் சோறிட்டு, "உன் விருப்பம்போல் எடுத்துக்கொள்" என்பதற்கு உரிமை என்று பெயரா?

இந்தி வருகிறதென்றால் நாம் கொதித்தெழுகிறோம். எழத்தான் வேண்டும். தில்லி சொன்ன பள்ளித் திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25இல் தமிழகத்துக்கு உரிய 2,152 கோடி உருபாவை நடுவணரசு தரமறுத்த அடாவடியை நாம் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. 2025 ஆகத்தில் தமிழக அரசு வெளியிட்ட கல்விக் கொள்கை இருமொழி நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியதையும் வரவேற்கிறோம். ஆயினும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். முன்வாயிலில் இந்தியை மறித்து நிற்கும் காவலர்களே! பின்வாயில் வழியாகத் தமிழை வெளியேற்றியது யார்? இருமொழிக் கொள்கை என்றீர்கள். வகுப்பறைக்குள் பார்த்தால் ஆங்கிலம் ஆள, தமிழ் ஒரு பாடவேளைக்கு மட்டும் வந்து போகிறதே! இது இருமொழியா, ஒருமொழியா?

இப்போது பெற்றோரிடம் பேசுவோம். "ஆங்கிலம் தெரியாமல் பிள்ளை பிழைக்க முடியுமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் அச்சத்தை நாம் எள்ளவில்லை. அது பட்டறிவிலிருந்து வந்த அச்சம். வேலைக்கான நேர்காணலில், வங்கியில், மருத்துவமனையில், நயன்மன்றத்தில் ஆங்கிலம் தெரியாமையால் தலைகுனிந்து நின்றவர்கள் நீங்கள். ஆனால் ஒன்றைப் பிரித்தறியுங்கள். ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் கற்பது வேறு. சப்பானியனும் கொரியனும் செருமானியனும் பின்லாந்தினனும் ஆங்கிலம் கற்கிறார்கள். ஆனால் கணக்கையும் அறிவியலையும் தம் தாய்மொழியிற் கற்கிறார்கள். அவர்கள் உலகத்தில் பின்தங்கிப் போனார்களா? கல்வியைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெசுகோ 1953இலேயே எழுதி வைத்தது.

வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்கிறார் தமிழாசிரியர். ஒளி தெரியும், சேர்க்கை தெரியும், உழவன் மகளுக்கு இலையும் தெரியும். சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. அதையே 'போட்டோசிந்தசிசு' என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளை கிரேக்க ஒலிகளைக் கிளிபோல் ஒப்பிக்கும், இலையை மறந்துவிடும். 'நீள்வட்டம்', 'ஆவியாதல்', 'செங்கோணம்' என எந்தச் சொல்லை எடுத்தாலும் இதே கதைதான். அதிலும் அரசுப் பள்ளி ஆங்கிலவழிப் பிரிவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிரிவைத் தொடங்கியவர்கள் அதற்கென்று ஆங்கிலவழிப் பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தனியே அமர்த்தவில்லை. இருந்த ஆசிரியரே இரண்டு வழிக்கும் ஆசிரியர். பல தொடக்கப் பள்ளிகளில் இருவழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியர் முன்னே. அவர் விளக்குவது தமிழில். பிள்ளை எழுதுவது ஆங்கிலத்தில். புரிந்தது எதிலும் இல்லை. பெயர்ப்பலகையில் மட்டும் ஆங்கிலவழி! பெற்றோரே, உங்களுக்குத் தந்தது ஆங்கிலமன்று. ஆங்கிலம் என்று எழுதிய உறை.

மற்றொன்றையும் எண்ணுங்கள். பிள்ளையின் பொத்தகம் தமிழில் இருந்தால் மாலையில் தாய் அதை எடுத்து ஒரு வரி படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டுக்குள் அப்பொத்தகம் மூடிக்கிடக்கும். அல்லது தனிப்பயிற்சிக்கு மேலும் பணம் கட்ட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைத்தும் களையெடுத்தும் பிழைத்த பெண்கள் மாலை வேளைகளில் எழுத்துக் கற்றார்கள். கூடவே மிதிவண்டியும் கற்றுப் பல்லாயிரவராய்ச் சாலையில் வந்தார்கள். உலகமே வியந்து பார்த்தது. அவர்கள் எந்த மொழியில் எழுத்துக் கற்றார்கள்? தமிழில்! தாய்மொழி ஆனதால்தான் களைத்த கைகள் சில திங்களில் எழுதப் படிக்கத் தொடங்கின. அப்பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளி செல்லும் அகவையில் இருக்கிறார்கள். பாட்டி அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்தைக்கொண்டு பேரனின் பொத்தகத்தைப் படிக்க முடியாமற் செய்துவிட்டோமே, இது எவ்வளவு பெரிய களவு!

"தொடக்கத்தில் தமிழில் படித்தாலும் மேற்படிப்பு ஆங்கிலத்தில்தானே?" என்பீர்கள். அதுவும் ஆட்சியாளர் செய்து வைத்த சூழ்ச்சியே தவிர, தமிழின் குறையன்று. 1860களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிசுக் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். கடல்கடந்து வந்த அயலவரால் முடிந்தது, தமிழால் ஆட்சிக்கு வந்தவர்களால் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் முடியவில்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் சேர்க்கை குறைவென்று உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழியை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பெழுந்ததும் திரும்பப் பெற்றது. பாருங்கள், அங்கும் அதே தலைக்கணக்கு! தமிழில் படித்தவனுக்கு வேலை உறுதியில்லை, அதனால் சேர்வாரில்லை, சேர்வாரில்லை, அதனால் மூடுகிறோம். கிணற்றில் மண்ணைத் தள்ளிவிட்டு, "நீர் இறைக்க ஆளில்லை, எனவே தூர்க்கிறோம்" என்பதைப் போன்றதன்றோ இது?

நமக்குள்ளும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. மேடையில் தமிழ் முழங்கும் தலைவர்களின் பிள்ளைகள் எந்த வழியிற் படிக்கிறார்கள்? அரசுப் பள்ளியில் ஊதியம் வாங்கும் ஆசிரியர் தம் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறார்? இவ்விதழைப் படிக்கின்ற, இவ்விதழில் எழுதுகின்ற நாம் நம் வீட்டுப் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறோம்? சமைத்தவன் உண்ணாத சோற்றை ஊரார் உண்பாரா? 2015 ஆகத்தில் அலகாபாது உயர்நயன்மன்றம், அரசிடம் ஊதியம் பெறுவோரும் மக்கள் சார்பாளரும் நயனரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் சேர்க்க வேண்டும் என்று உத்தரப்பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அவ்வாணை அங்கே நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு. ஆனால் அதன் கருத்து எத்துணை நேரியது! மாவட்ட அலுவலரின் பிள்ளை படிக்கும் பள்ளியில் கூரை ஒழுகுமா? சட்டமன்ற உறுப்பினரின் பெயர்த்தி படிக்கும் பள்ளியில் கணக்காசிரியர் இல்லாமல் ஓராண்டு கழியுமா?

நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. சான்று தொலைவில் இல்லை. நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019இல் மாணவரில்லை என்று தமிழகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடி நூலகமாக்க அரசு முனைந்தது. அவற்றுள் ஒன்று ஆவுடையார்கோயில் பகுதியிலுள்ள குளத்தூர்த் தொடக்கப் பள்ளி. பள்ளி நூலகமான பின்னர்த்தான் ஊரார் இழப்பை உணர்ந்தனர். ஊர் கூடிப் பேசியது. வெளியே சென்ற பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. மூடிய பள்ளி மீண்டும் திறந்தது. எந்த அமைச்சரும் செய்யாததை ஓர் ஊர் செய்தது! குளத்தூரால் முடிந்தது அன்னவாசலால் முடியாதா? அன்னவாசலால் முடிந்தால் தமிழகத்தால் முடியாதா?

அரசிடம் நாம் கேட்பன இவை:

ஒன்று: ஒவ்வோராண்டும் ஒவ்வோர் ஒன்றியத்திலும் தமிழ்வழிச் சேர்க்கை எவ்வளவு, ஆங்கிலவழிச் சேர்க்கை எவ்வளவு, அவற்றுள் பெண்பிள்ளைகள் எத்தனைபேர், ஒடுக்கப்பட்டோர் எத்தனைபேர் என்பதை ஊரறியப் பள்ளிச் சுவரில் எழுதுக. மறைத்து வைத்த எண் நோயை வளர்க்கும். வெளிப்பட்ட எண் மருந்தைத் தேடும்.

இரண்டு: எட்டாம் வகுப்புவரையேனும் தமிழ்வழியை உறுதிசெய்யும் சட்டத்தை வகுக்க. 2014 தீர்ப்புத் தடையென்றால், அரசியலமைப்பைத் திருத்தக் கோரி எல்லாக் கட்சியும் ஒருமித்துத் தில்லியில் போராடுக. இந்திக்கு எதிராக ஒன்றுபட்டவர்கள் தமிழுக்காகவும் ஒன்றுபடலாமே!

மூன்று: தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக மிகச் சிறப்பாகக் கற்பிக்க, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரை ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அமர்த்துக. பெற்றோரின் அச்சத்துக்கு இதுவே நேரான விடை.

நான்கு: 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் தமிழ்வழியிற் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்ததாகக் காட்டி அதைப் பறித்தவர்களை, 2020இல் வந்த திருத்தம் தடுத்தது. அவ்விருபதை ஐம்பதாக்குக. தமிழுக்குச் சோறிடும் ஆற்றல் வந்துவிட்டால் தமிழ்வழி வகுப்பறை தானே நிறையும்.

ஐந்து: மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் கிடைத்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு நல்ல செயல். அதனுள்ளே தமிழ்வழியிற் படித்து வந்தவர்க்கு உள்ளொதுக்கீடு தருக.

அரசைக் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது நம் வேலையன்று. உணர்வாளர்களே! ஏப்பிரல், மே திங்களில் ஊர்தோறும் தெருத்தெருவாகச் செல்லுங்கள். கொடியும் முழக்கமும் வேண்டா. ஐந்து அகவைப் பிள்ளையுள்ள வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அத்தாயிடம் பேசுங்கள். அவள் அச்சத்தை முழுதும் கேளுங்கள். நம் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கிறது என்று சொல்லக்கூடியவர் மட்டும் பேசுங்கள். அவ்வாறு சொல்ல முடியாதவர் முதலில் தம் வீட்டைத் திருத்திக்கொண்டு வாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெறுங்கள். நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடம் இருந்தால் மாவட்டத்துக்கு எழுதுங்கள். விடை வரும்வரை எழுதுங்கள். மாலையில் ஒரு மணிநேரம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். ஆம், ஆங்கிலம்தான்! தமிழ்வழியிற் படித்த பிள்ளை ஆங்கிலத்திலும் தலைநிமிர்ந்து பேசும் நாளில் தனியார் வாணிகத்தின் அடித்தளமே ஆட்டங்காணும்.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன் யாரோ ஒரு கைவினைஞன் உளியெடுத்து அண்ணல்வாயில் மலையில் நம் எழுத்தை வெட்டினான். அவனுக்கு ஆட்சி இல்லை, அரசாணை இல்லை, தன்மொழி நிலைக்கும் என்ற உறுதி மட்டும் இருந்தது. அவ்வெழுத்தைத் தொட்டுப் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை அம்மலையடியில் மிச்சம் வைப்போமா என்பதே நம்முன் நிற்கும் வினா. கல்லில் எழுத்து இருக்கிறது. பிள்ளையின் நெஞ்சில் எழுத வேண்டியவர் நாம்.

சேர்க்கைக் காலம் அண்மிவிட்டது, எழுக தமிழரே!